டிரைவர் எங்கே படுப்பார்?

முதல் தடவை நட்சத்திர விடுதிக்குப் போகிறவர் நீச்சல் குளத்தைப் படம் எடுப்பார். நாற்பதாவது தடவை போகிறவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்ப்பார்.

மென்பொருள் வேலையில் இருப்பதால் இந்த இரண்டாம் வகை ஆட்களோடுதான் எனக்குப் பழக்கம். மாதத்தில் பத்து நாள் கிளையன்ட் ஊரில் கிடக்கிறவர்கள். விடுதிகளைப் பற்றி அவர்கள் பேசுவது மளிகைக் கடைச் சீட்டு மாதிரி இருக்கும். குழாயைத் திறந்ததும் வெந்நீர் வரணும். திரையை இழுத்தால் அறை முழுசா இருட்டாகணும். லிஃப்ட்டுக்குப் பக்கத்து ரூம் வேண்டாம். ஆறரை மணிக்கு ஃபிளைட் என்றால் நாலு மணிக்கு ஒரு காபியாவது கிடைக்கணும். பில்லில் கம்பெனி ஜிஎஸ்டி நம்பர் தப்பில்லாமல் இருக்கணும். வரவேற்பறையில் தொங்கும் சரவிளக்கைப் பற்றி ஒருத்தர்கூடப் பேசிக் கேட்டதில்லை.

இந்தச் சீட்டைச் சுருக்கினால் நாலே விஷயம்தான். நான் வருவேன் என்று அங்கே யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். என்னைக் காக்க வைக்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். தண்ணீரும் கழிப்பறையும் சுத்தமாக இருக்க வேண்டும். இதில் எதுவுமே ஆடம்பரம் கிடையாது. ஆனால் இந்த நாலும் ஒருநாள்கூடத் தவறாமல் கிடைக்கும் என்கிற உத்தரவாதத்துக்குத்தான் ‘பிரீமியம்’ என்று பெயர் வைத்து, ஒரு இரவுக்குப் பத்தாயிரம் பதினைந்தாயிரம் வாங்குகிறார்கள்.

இந்த உத்தரவாதத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை, நட்சத்திர விடுதிகளுக்குப் பேர்போகாத வடசென்னையிலிருந்து சொல்லிப் பார்க்கலாம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்தக் கரையோரம்தான் மெட்ராஸுக்கு வந்த, மெட்ராஸைக் கடந்த பயணங்களையெல்லாம் சுமந்தது. சுமந்தவர்கள் எங்கே தங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கதை முழுசாகும்.

அலையைத் தாண்டி

மெட்ராஸ் துறைமுகமே இல்லாமல் துறைமுக நகரமான ஊர். 1639-40-ல் கம்பெனிக்காரர்கள் இங்கே வந்து கோட்டை கட்டத் தொடங்கியபோது கப்பல் ஒதுங்க ஒரு வளைகுடாகூடக் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் அடுக்கடுக்காக உடையும் அலை. ஐரோப்பியப் படகுகள் அதில் பிளந்துவிடும். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகு மட்டும் அலை அடிக்கும்போது நெளிந்து கொடுக்கும். ஆள் தவறி விழுந்தால் தூக்கிவிடக் கட்டுமரங்கள் கூடவே வரும். மாதக்கணக்கில் கடலில் வந்தவருக்கு மெட்ராஸில் கிடைத்த முதல் சேவை இதுதான்: உயிரோடு கரை சேர்ப்பது.

பயணிகளின் பழைய குறிப்புகளில் படகுக்காரர்களைப் பற்றிப் புகார் நிறைய. நடுவழியில் கூடுதல் காசு கேட்கிறார்கள், நனைத்துவிடுகிறார்கள், கத்துகிறார்கள். டாக்சிக்காரர்களைப் பற்றி இன்று ஏர்போர்ட் வாசலில் கேட்கும் அதே புகார். அந்தப் படகுக்காரர்களின் சமூகம் ராயபுரத்தில் வேர்விட்டது. அங்குள்ள புனித ராயப்பர் ஆலயம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் உழைப்பில் எழுந்தது. ராயப்பர் என்றால் பேதுரு, அவரும் மீனவர். ஊர்ப் பெயரே அவரிடமிருந்து வந்தது என்றுதான் அங்கே பலரும் சொல்வார்கள்.

கரையில் கால் வைத்ததும் அடுத்த ஆள் தயாராக நிற்பார்: துபாஷ். இரண்டு பாஷை தெரிந்தவர் என்பது சொல்லின் பொருள். செய்யும் வேலையோ இருபது. வீடு பார்த்துக் கொடுப்பார், பல்லக்குத் தூக்கிகளை அமர்த்துவார், சமையல்காரரைப் பிடிப்பார், கடன் கொடுப்பார், கணக்கு எழுதுவார். இன்றைய பெரிய விடுதிகளில் முகப்பு மேசையில் ஒருத்தர் நின்று டாக்சி முதல் கோயில் தரிசனம் வரை ஏற்பாடு செய்து தருகிறாரே, அந்த வேலையை மெட்ராஸ் கடற்கரை விடுதி வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது. ‘நான் வருவேன் என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்’ என்ற தேவைக்குத் துபாஷ்தான் முதல் விடை. கப்பல் எப்போது வரும் என்று திட்டமாகத் தெரியாத காலம் அது. அப்படியிருந்தும் பயணிக்கு உடனே ஆள் கிடைத்தார் என்றால், அந்த ஆள் தினமும் கரையில் காத்திருந்தார் என்று பொருள். பயணியின் காத்திருப்பு மறையவில்லை. வேறொருவர் கணக்குக்கு மாறியது.

சத்திரத்துச் சமவெளியில் ஒரு ஓட்டல்

1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். தூண்கள் வைத்த அந்த நிலையக் கட்டிடம் இன்றும் நிற்கிறது. 1873-ல் சென்ட்ரல் வரும் வரை ரயிலில் மெட்ராஸுக்கு வருவது என்றால் ராயபுரத்தில் இறங்குவதுதான். கப்பலும் வடக்கே, ரயிலும் வடக்கே. அப்படியானால் ஓட்டலும் வடக்கேதானே வந்திருக்க வேண்டும்?

வரவில்லை. ரயிலுக்கு இரண்டு வருடம் முன்பே, 1854-ல், ரத்தினவேலு முதலியார் என்பவர் மவுண்ட் ரோடு பக்கம் இம்பீரியல் ஓட்டலைத் திறந்துவிட்டார். அது 1886-ல் ஆல்பனி ஆனது. 1890-ல் அப்போதைய ஆளுநரின் பெயரில் கன்னிமரா ஆனது. பிறகு ஸ்பென்சர் நிறுவனத்தின் கைக்குப் போனது.

ஏன் அங்கே? கறுப்பர் நகரம் என்று அவர்கள் அழைத்த இன்றைய ஜார்ஜ் டவுனின் நெரிசலிலிருந்து ஐரோப்பியர்கள் அதற்கு வெகுமுன்பே விலகிவிட்டார்கள். தெற்கே தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டார்கள். வசதியுள்ள பயணி வேலை நடக்கிற இடத்தில் தூங்க விரும்புவதில்லை. கப்பல் சத்தம், கருவாட்டு வாடை, கரிப்புகை எதுவும் எட்டாத தூரத்தில் தூங்க விரும்புகிறார். பழைய ஆங்கில வரைபடங்களில் அந்தத் தென்பகுதிக்குப் பெயர் ‘சோல்ட்ரி பிளெயின்’. சத்திரத்துச் சமவெளி என்று சொல்லலாம். வழிப்போக்கர் காசில்லாமல் தங்கும் சத்திரத்தின் பெயரைத் தாங்கிய நிலத்தில்தான் மெட்ராஸின் காசுள்ள விடுதிகள் முளைத்தன.

நகரத்தின் பயணப் புவியியல் அன்றே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பயணம் வடக்கே நடக்கும், பயணி தெற்கே தூங்குவார்.

கஞ்சித் தொட்டி

காசில்லாதவர்கள் எங்கே தங்கினார்கள்?

ஹைதர் அலியோடு நடந்த போரும் பஞ்சமும் சேர்ந்து ஊர் ஊராக மக்களை மெட்ராஸை நோக்கித் துரத்தியபோது, 1782-ல், ராயபுரம் பக்கம் ஒரு கஞ்சி ஊற்றும் இடம் உருவானது. ஆங்கில ஆவணங்களில் ‘மணேகர் சோல்ட்ரி’. நம் வாயில் மணியக்காரர் சத்திரம். பசித்து வந்தவர்களில் பாதிப் பேர் நோயோடு வந்ததால் அங்கே வைத்தியமும் தொடங்கியது. வளர்ந்து வளர்ந்து இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை ஆனது. வடசென்னைப் பெரியவர்கள் இன்னும் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். விருந்தோம்பலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் மருத்துவமனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. ராயபுரத்தில் அந்த உறவுக்கு அகராதி பார்க்கத் தேவையில்லை, கட்டிடமே சாட்சி.

சென்ட்ரல் வந்த பிறகு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், அதற்கு எதிரே ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் ஒரு சத்திரம் கட்டினார். அவர் துபாஷ் தொழிலில் செல்வம் சேர்த்தவர். வெள்ளைக்காரப் பயணிக்கு ஏற்பாடு செய்து சம்பாதித்த மரபு, உள்ளூர்ப் பயணிக்குக் கூரை போட்டது.

சத்திரத்தைப் புனிதமாக்கிவிடவும் வேண்டாம். பெரும்பாலான சத்திரங்களில் மூன்று நாளுக்கு மேல் தங்க முடியாது. யார் எங்கே படுக்கலாம், எங்கே சாப்பிடலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. ஓட்டலில் காசு கேட்டார்கள். சத்திரத்தில் குலம் கேட்டார்கள். காசைக் கொடுத்தால் மேற்கொண்டு கேள்வி கேட்காத அறை என்பது ஒரு விடுதலையாகப் பலருக்குத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

பதின்மூன்று ரூபாய் ஒன்பது அணா

அடிக்கடி பயணம் செய்பவர் ஒருவர், தனக்கு என்ன வேண்டும் என்று எழுதிவைத்த பழைய புகார்க் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1917-ல் வந்தது. எழுதியவர் காந்தி. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் கால்பங்குக்கும் மேல் ரயிலில், அதுவும் வேண்டுமென்றே மூன்றாம் வகுப்பில் கழித்திருந்தார். கார்ப்பரேட் மொழியில் சொன்னால் பிளாட்டினம் உறுப்பினர்.

அந்தக் கடிதத்தில் வரும் பயணம் பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு. கட்டணம் 13 ரூபாய் 9 அணா. பெட்டியில் 22 பேருக்கு இடம் என்று எழுதியிருக்கிறது, உட்கார மட்டும். இரண்டு இரவு போக வேண்டும், நிம்மதியாகப் படுக்க வழியில்லை. வழியில் ஆள் ஏறிக்கொண்டே இருக்கிறது. கழிப்பறையைப் பயணம் நெடுகச் சுத்தம் செய்யவில்லை. பிறகு அவர் ஒரு கணக்குப் போடுகிறார். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். சரி, முதல் வகுப்பின் வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது மூன்றாம் வகுப்புக்குக் கிடைக்கிறதா? பத்தில் ஒரு பங்காவது?

காந்தி கேட்டதும் என் சக ஊழியர்கள் கேட்பதும் ஒரே பட்டியல் என்பதைக் கவனியுங்கள். படுக்க இடம், சுத்தமான கழிப்பறை, சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றாமை. அடிக்கடி பயணம் செய்கிறவர் பணக்காரரோ ஏழையோ, உடம்பு ஒன்றுதான். நாற்பதாவது பயணத்தில் அது கேட்பதும் ஒன்றுதான்.

பெல்பாய் கட்டிய ஓட்டல்

இந்தப் பட்டியலை வியாபாரமாக்கிக் காட்டியவர் அமெரிக்காவில் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர். பதின்மூன்று வயதில் ஒரு ஓட்டலில் பெட்டி தூக்கும் பையனாகச் சேர்ந்தவர். 1908-ல் பஃபலோ நகரில் அவர் திறந்த ஓட்டலில் ஒவ்வொரு அறைக்கும் தனிக் குளியலறை. ஒன்றரை டாலருக்கு அறையும் குளியலறையும் என்பதுதான் விளம்பரமே. விளக்கு ஸ்விட்ச் கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில். இருட்டில் தடவிக்கொண்டு நிற்காமலிருக்க, சாவித்துவாரம் கைப்பிடிக்கு மேலே. காலையில் கதவடியில் செய்தித்தாள், காசில்லாமல்.

அவருக்கு வாடிக்கையாளர்கள் பிரபுக்கள் கிடையாது. ஊர் ஊராக மாதிரிப் பெட்டியோடு அலைந்த விற்பனைப் பிரதிநிதிகள். ஸ்விட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பது மாளிகையில் பிறந்தவருக்குத் தோன்றாது, ஏனென்றால் அவருக்கு விளக்கேற்ற ஆள் உண்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருட்டறைக்குள் முதலில் நுழைந்த பையனுக்குத்தான் அது தெரியும். சேவையின் மிக நுட்பமான கண்டுபிடிப்புகள் சேவை செய்தவர்களிடமிருந்தே வந்தன.

திருவொற்றியூரின் கைவேலை

மறுபடி நம் கரைக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகு வடசென்னை பயணத்தைச் சுமப்பதோடு நிற்கவில்லை, பயணத்தைத் தயாரிக்கவே தொடங்கியது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப் பிறகு டயருக்கு வந்தது. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது, 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது. திருவொற்றியூரிலிருந்து என்ஃபீல்டு புல்லட் வந்தது. கொஞ்சம் தெற்கே, சென்னைத் துறைமுகத்தில் 1983-ல் கன்டெய்னர் முனையம் வந்தது. நாட்டிலேயே முன்னோடியான முனையம். 2001-ல் எண்ணூருக்கே தனித் துறைமுகம் வந்தது. லாரி, டயர், மோட்டார் சைக்கிள், கன்டெய்னர் என நகர்வதற்கு வேண்டிய எல்லாம் இந்த ஒரே கரையில்.

இன்னொரு கம்பெனியின் கதைதான் இதில் சுவாரசியம். ஐடிசிக்குத் திருவொற்றியூரில் அச்சு, அட்டைப்பெட்டி ஆலை உண்டு. சிகரெட்டுக்கான பெட்டியைத் தானே செய்துகொள்வதற்காக அந்தக் கம்பெனி 1925-ல் தொடங்கிய தொழில் அது. அதே கம்பெனி 1975-ல் ஓட்டல் தொழிலுக்கு வந்தபோது முதல் ஓட்டலைத் திறந்ததும் மெட்ராஸில்தான். சோழா ஓட்டல். இடம் மட்டும் கதீட்ரல் ரோடு. அதற்கு முந்தைய வருடம் தாஜ் கோரமண்டல் நுங்கம்பாக்கத்தில் வந்திருந்தது. 1854-ல் போட்ட கோடு அப்படியே இருந்தது. எண்ணூர் ஆலைக்கு வரும் ஆலோசகர் பகலெல்லாம் இங்கே வேலை பார்த்துவிட்டு ராத்திரி தூங்க அத்தனை தூரம் தெற்கே போவார்.

அவரை அங்கே கொண்டுபோய் விடுகிற டிரைவர்?

மூன்றடிப் படுக்கை

இன்று இந்தக் கரையின் மிக அடிக்கடிப் பயணி லாரி டிரைவர்தான். ஆனால் ‘அடிக்கடிப் பயணி’ என்று யாரும் அவரைச் சொல்வதில்லை.

பல பத்தாண்டுகளாக இங்கே லாரி என்று விற்றது என்ஜினும் சேஸும்தான். கூரையில்லாத அந்த எலும்புக்கூட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப்போய் நாமக்கல், சங்ககிரி பக்கம் பாடி கட்டுவார்கள். அங்குள்ள தச்சர்களும் வெல்டர்களும்தான் டிரைவரின் அறையை வடிவமைத்தார்கள். சீட்டுக்குப் பின்னால் படுக்க ஒரு பலகை. துணி வைக்க மேலே ஒரு பெட்டி. சின்ன ஃபேன். சாமி படத்துக்கு ஒரு மாடம். தண்ணீர்க் கேன் நிற்க வெளியே ஒரு கூண்டு. இதற்கு எந்த ஆய்வும் நடக்கவில்லை, டிரைவர் பக்கத்தில் நின்று “இதை இன்னும் ரெண்டு இஞ்ச் இழுத்து வைப்பா” என்று சொல்லச் சொல்லக் கட்டியது. ஸ்டாட்லருக்குப் பெட்டி தூக்கிய அனுபவம் சொல்லிக்கொடுத்ததை நாமக்கல்லுக்கு டிரைவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்.

நாலு தேவையில் ஒன்றை அந்தப் பலகை தீர்த்தது: படுக்கை. மற்ற மூன்றும் அப்படியே நிற்கின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வாசலை நோக்கி டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்பதை வடசென்னைக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். மோசமான காலங்களில் அந்த வரிசை நாள்கணக்கில் நகராது. சாலையை அகலப்படுத்தினார்கள், திட்டங்கள் போட்டார்கள், கொஞ்சம் மாறியது. ஆனாலும் காத்திருக்கும் நேரத்தில் குளிக்க எங்கே, வெளிக்குப் போக எங்கே என்பது அவரவர் சாமர்த்தியம். கடையில் கேட்டால் சரக்கு நேரத்துக்கு வந்துவிடும் என்கிறார்கள். அது நேரத்துக்கு வருவதற்காக ஒருவர் ரோட்டோரம் நேரமே இல்லாமல் கிடக்கிறார். மசூலா காலத்துத் துபாஷ் கரையில் நின்றதுபோலவேதான்.

கொஞ்ச காலமாகச் சில விஷயங்கள் நகர்கின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023 கடைசியில் அறிவித்தது. நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குகளில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் டிரைவர்களுக்குத் தங்குமிடங்கள் வருகின்றன. அங்கே என்னென்ன உண்டு என்று பாருங்கள்: படுக்கை, சுத்தமான கழிப்பறை, குளிக்க இடம், குடிதண்ணீர், சமைத்துக்கொள்ள இடம். 1917-ல் காந்தி கேட்ட பட்டியல், நூறு வருடம் கழித்து, அரசாங்கச் சுற்றறிக்கை வடிவில்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகத் தோன்றுவது பெரிதாகப் பேசப்படாத இன்னொன்று. 2023-ல் தமிழ்நாடு அரசு கட்டிட விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. விடுதி கட்டுகிறவர்கள், தங்க வருகிறவர்களின் கார் டிரைவர்களுக்கும் வளாகத்திலோ அருகிலோ படுக்கும் இடமும் குளியலறை, கழிப்பறையும் ஒதுக்க வேண்டும். அதுவரை சொகுசு விடுதியின் பார்க்கிங்கில், காருக்குள் சீட்டைச் சாய்த்து, கொசுவுக்காகக் கண்ணாடியை ஏற்றி, புழுக்கத்துக்காக இறக்கி விடிய விடியக் கிடப்பதுதான் வழக்கம். அதே விடுதியின் ஆறாவது மாடியில் நாங்கள் தலையணையின் உயரத்தைப் பற்றி விமர்சனம் எழுதிக்கொண்டிருப்போம். மறுநாள் நாலரை மணிக்கு அந்த டிரைவர் எங்களை ஏர்போர்ட்டுக்கு ஓட்டிப்போக வேண்டும். அவர் தூங்கினாரா என்பதில் எங்கள் உயிரும் இருக்கிறது என்பதைக்கூட யாரும் யோசித்ததில்லை.

பிரீமியம் விடுதிகளை நான் பழிக்கவில்லை. வெந்நீரும் இருட்டறையும் நல்ல விஷயங்கள், மனித உடம்பைப் புரிந்துகொண்டவர்கள் செய்த விஷயங்கள். ஆனால் ஒரு அறை எவ்வளவு நல்லது என்பதை அளக்கும்போது, அந்த அறையை நமக்குச் சாத்தியமாக்க யார் எங்கே காத்திருக்கிறார் என்பதையும் அளவில் சேர்த்துக்கொள்ளலாம். மதிப்பெண் போடும்போது காலைச் சாப்பாடு, வைஃபை, படுக்கை என்று ஆப் ஒவ்வொன்றாகக் கேட்கும். டிரைவர் எங்கே படுத்தார் என்று கேட்காது. அந்தக் கேள்வியை நாமே ரிசப்ஷனில் கேட்கலாம். திருத்தத்துக்குப் பிறகு கட்டப்பட்ட விடுதி என்றால், அதற்குப் பதிலாக அவர்கள் ஒரு கதவைக் காட்டியாக வேண்டும்.